கோட்டுக்கு வந்து நிற்பவன்: பழைய சாகசக் கதைகளில் குத்துச்சண்டையும் காதலும்

"பழைய ஆங்கில சாகசக் கதைகளை வரிசையாகப் படித்து வருகிறேன். நாயகன் எப்படியும் எங்கேயாவது ஒரு குத்துச்சண்டை போட்டுவிடுகிறான். பின்னாலேயே ஒரு காதலும் வந்துவிடுகிறது. இரண்டும் ஏன் ஒட்டிக்கொண்டே வருகின்றன? அந்தச் சண்டைகளை நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் வெளியே தெரிகின்றன, மூன்றாவது ஒன்று உள்ளே இருக்கிறது: எழுதியவர்களுக்குக் குத்துச்சண்டை தெரியுமா, இல்லை சும்மா அளந்தார்களா என்பது. மூன்றுக்கும் ஒரே இடத்திலிருந்து பதில் சொல்லலாம். கதையில் சண்டை எந்த விதிப்படி நடக்கிறது என்று முதலில் பாருங்கள். காதலி எங்கே நிற்கலாம், எதைப் பார்க்கலாம், அவனிடம் என்ன கேட்கலாம் என்பதைப் பெரும்பாலும் அந்த விதிதான் முடிவு செய்கிறது. விதி தெரிந்த எழுத்தாளரின் காதல் காட்சியும் நன்றாக இருக்கும். தெரியாதவரிடம் இரண்டுமே சொதப்பலாகத்தான் இருக்கும்.

அதற்கு முன் ஒரு சொல் தகராறு. 1880-களிலிருந்து முதல் உலகப் போர் வரை வந்த புத்தகங்களின் அட்டையில் 'ரொமான்ஸ்' என்று இருந்தால், அது காதல் கதை என்று பொருளல்ல. அன்றாட வாழ்க்கைக்கு அப்பாற்பட்ட வீரதீரக் கதை எதையும் அப்படித்தான் அழைத்தார்கள். அறிவியல் புனைவுக்கே 'சயன்டிஃபிக் ரொமான்ஸ்' என்று பெயர் இருந்தது. ஆகவே அட்டையை நம்பிக் காதலைத் தேடிப் போனால் பல புத்தகங்களில் ஏமாற்றம்தான். கீழே நான் சொல்வது உண்மையிலேயே காதலும் குத்துச்சண்டையும் ஒன்றையொன்று தொடுகிற கதைகளைப் பற்றி.

தமிழில் எல்லாவற்றையும் 'குத்துச்சண்டை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இதுவே வாசகரைக் குழப்புகிறது. பழைய ஆங்கிலச் சண்டையில் குத்து பாதி, மல் பாதி. இங்கிலாந்தில் ஜாக் பிரௌட்டன் 1743-இல் எழுதிய விதிகளும், அவற்றை ஒட்டி 1838-இல் வந்த லண்டன் பிரைஸ் ரிங் விதிகளும் வெறுங்கைச் சண்டைக்கானவை. இடுப்புக்கு மேலே பிடிக்கலாம், தூக்கி அடிக்கலாம், எதிராளி மேலேயே விழலாம். சுற்றுக்கு நேரக்கணக்கே கிடையாது. ஒருவன் தரையில் விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது. 30 விநாடி ஓய்வு. 1838 விதிப்படி அதற்கப்புறம் 8 விநாடிக்குள், யார் துணையும் இல்லாமல், களத்தின் நடுவில் கிழித்திருக்கும் கோட்டுக்கு நடந்து வந்து நிற்க வேண்டும். வராதவன் தோற்றான். புள்ளிக் கணக்கும் இல்லை, இத்தனை சுற்று என்ற வரம்பும் இல்லை. களம் 24 அடிச் சதுரம், பெரும்பாலும் புல்தரை. ஆளுக்கு இரண்டு துணையாட்கள். ஒருவர் தன் முழங்காலை மடக்கி அதையே நாற்காலியாகக் கொடுப்பார், இன்னொருவர் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பார்.

இந்த விதிகளிலிருந்து கிளம்புகிற விளைவுகள் பல. வெறும் முட்டியால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் குத்தியவன் கைதான். நெற்றி எலும்பு தடிமன், உள்ளங்கை எலும்புகள் மெல்லியவை. அதிலும் சுண்டுவிரல் பக்கத்து எலும்பின் கழுத்து சுலபத்தில் முறியும். அதனால் தேர்ந்தவர்கள் விலாவையும் வயிற்றையும் தொண்டையையும் காதுக்குக் கீழேயும் குறி வைத்தார்கள். கையின் தோல் தடிக்கட்டும் என்று உப்புநீரிலும் வினிகரிலும் ஊறவைத்தார்கள். பழைய படங்களில் வீரர்கள் நிமிர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கைகளை முன்னே நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம். பிடித்துத் தூக்கி எறியவும் ஆள் வரலாம் என்னும்போது அந்த நிலைதான் பொருத்தம். சுற்றுகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். அமெரிக்காவில் 1889 ஜூலை 8 அன்று ஜான் எல். சல்லிவன் ஜேக் கில்ரெயினை வென்ற சண்டை 75 சுற்று, 2 மணி 16 நிமிடம். மலைப்பாக இருக்கும். ஓய்வைக் கழித்துக் கணக்குப் போட்டால் ஒரு சுற்று சராசரியாக ஒரு நிமிடத்துக்குச் சற்றே மேல். வெறுங்கைச் சண்டையில் "75-ஆவது சுற்று" என்று கதையில் வந்தால் அது புளுகாக இருக்க வேண்டியதில்லை. கையுறைச் சண்டையில் அதே எண் வந்தால் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்துச் சண்டைச் செய்திகளையே ஆதாரமாகக் கொண்டு எழுதிய நாவல்கள் பல. அந்தச் செய்திகளிலேயே உண்மையும் வாய்ச்சவடாலும் கலந்திருக்கும். 1810 டிசம்பரில் டாம் கிரிப்புக்கும், அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின வீரர் டாம் மாலினோவுக்கும் சண்டை நடந்ததும் கிரிப் வென்றதும் உறுதி. கிரிப் எழ முடியாமல் கிடந்தபோது, மாலினோ கைக்குள் ஈயக்குண்டு வைத்திருக்கிறான் என்று கிரிப்பின் துணையாள் கூச்சல் கிளப்பி 30 விநாடியை நீட்டித்தார் என்ற கதையோ பின்னாளில் ஊதப்பட்டது என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. நாவலாசிரியர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் தேவைப்படவில்லை. குண்டுக் கதை நல்ல கதையாயிற்றே.

இப்போது காதலுக்கு வருவோம். இங்கிலாந்தில் பந்தயச் சண்டை சட்டவிரோதம். மாஜிஸ்திரேட் வந்தால் அடுத்த மாவட்டத்துக்கு ஓடிவிட வசதியாக, மாவட்ட எல்லையோரப் பொட்டல்களில் களம் போட்டார்கள். இடம் கடைசி நேரத்தில்தான் தெரியும். சூதாடிகள், குதிரைக்காரர்கள், பிக்பாக்கெட்டுகள், வேடிக்கை பார்க்க வந்த பிரபுக்கள் என்று ஆயிரக்கணக்கில் ஆண்கள் கூட்டம். பெண்கள் ஒருவரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கதாநாயகியாக வரக்கூடிய 'நல்ல குடும்பத்துப் பெண்' அங்கே வண்டியை நிறுத்தி வெண்கைக்குட்டை வீசினாள் என்பது பெரும்பாலும் பிற்கால எழுத்தாளர்களின் ஆசை. ஆர்தர் கோனன் டாயில் 1896-இல் எழுதிய 'ராட்னி ஸ்டோன்' இந்த விஷயத்தில் நேர்மையானது. ஓய்ந்துபோய்க் கொல்லுப்பட்டறை நடத்தும் பழைய சாம்பியன் ஹாரிசன், தன் வளர்ப்பு மகனின் இடத்தில் கிராலி டவுனில் களமிறங்குகிறார். நாவலின் உச்சமே அந்தச் சண்டைதான். காதலுக்கு அதில் மிகக் குறைந்த இடம். அந்த நாற்காலியில் பிறப்பு ரகசியம் உட்கார்ந்துகொள்கிறது. டாயிலுக்குக் குத்துச்சண்டை தெரியும். 1880-இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் மருத்துவராகப் போனபோதுகூட கையுறைகளை எடுத்துப் போனவர். பெண்ணை வலிந்து களத்துக்கு இழுத்து வராத அடக்கம் அந்த அறிவிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

வெறுங்கைக் காலத்தில் காதலும் சண்டையும் உண்மையாகவே ஒரே புள்ளியில் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. என் கணக்கில் இந்த வகை முழுவதிலும் அதுவே சிறந்த காட்சி. ஜார்ஜ் பாரோ 1851-இல் வெளியிட்ட 'லாவென்க்ரோ'. சுயசரிதையையும் கற்பனையையும் பிரிக்க முடியாதபடி பிசைந்து எழுதிய புத்தகம். ஊர் ஊராகத் திரியும் தகரவேலைக்காரனாக வாழ்ந்து பார்க்கும் கதைசொல்லி ஒரு பள்ளத்தில் கூடாரம் போட்டிருக்கிறான். அந்தத் தொழிலில் பேர்போன முரடன், 'ஃபிளேமிங் டின்மேன்' என்கிற பாஸ்வில், இது என் எல்லை என்று சண்டைக்கு வருகிறான். அவன் கூட்டத்தோடு வந்தவள் இசபெல் பெர்னர்ஸ். ஆறடியைத் தொடும் உயரம், தங்க நிறத் தலைமுடி, லாங் மெல்ஃபர்ட் என்ற ஊரின் ஏழை விடுதியில் வளர்ந்தவள். நியாயம் இந்தப் பக்கம் என்று கண்டதும் தான் வந்த கூட்டத்தை விட்டு இவனுக்குத் துணையாளாக வந்து நிற்கிறாள். விழுந்து விழுந்து எழுகிறவனுக்குத் தன் முழங்காலைக் கொடுத்து உட்கார வைக்கிறாள். விதிப்படி துணையாள் செய்ய வேண்டிய வேலை அது. ஒரு பெண் களத்தில் அவனைத் தொட்டுத் தாங்குவதற்குச் சட்டபூர்வமான ஒரே இடமும் அதுதான். பாரோ ஒரு காதல் சொல்லும் எழுதாமல் காதலைத் தொடங்கிவிட்டார்.

அதைவிட அழகு அவள் சொல்லும் யோசனை. இடக்கையால் தட்டிக்கொண்டிருந்தால் இவனை வெல்ல முடியாது, வலக்கையை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கிறாள். அவனுடைய நீண்ட வலக்கைக்குத் தன் ஊர்ப் பெயரையே வைக்கிறாள்: லாங் மெல்ஃபர்ட். தொழில்முறையில் இது கச்சிதமான அறிவுரை. இடது காலை முன்வைத்து நிற்பவனுக்கு இடக்கை பக்கத்தில் இருக்கிறது, வேகமாகப் போகும், தூரத்தை அளக்கும். ஆனால் இடுப்பும் பின்காலும் சேர்ந்து சுழன்று தருகிற எடை வலக்கையில்தான் இருக்கிறது. தன்னைவிடக் கனத்தவனை இடக்கையால் மட்டும் வீழ்த்துவது கடினம். முடிவும் நம்பும்படி இருக்கிறது. பாஸ்வில் கொலைவெறியோடு வீசிய குத்து குறி தவறி ஒரு மரத்தில் மோதுகிறது. அவன் நிலைகொள்ளும் முன் இவன் வலக்கை காதுக்குக் கீழே இறங்குகிறது. அதிர்ஷ்டம், முட்டியின் பலவீனம், சரியான குறி மூன்றும் ஒரே நொடியில் வந்துவிடுகின்றன. நாயகனின் 'வீரம்' என்று சொல்லி மழுப்பவே இல்லை. இதன் தொடர்ச்சியான 1857-ஆம் ஆண்டு நூலில் அவன் அவளுக்கு அர்மேனிய மொழி கற்றுக்கொடுக்கிறான். காதலிக்கிறேன், காதலிக்கிறாய் என்று வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்லவைத்து விளையாடுகிறான். களத்தில் அவள் பேச்சைக் கேட்டவன், கூடாரத்தில் அவள் மனசைக் கேட்கவில்லை. அவள் அமெரிக்காவுக்குக் கிளம்பிப் போய்விடுகிறாள். இசபெல் நிஜமாக இருந்த பெண்ணா, அந்தச் சண்டை நடந்ததா என்பதெல்லாம் ஊகம்தான். சண்டையின் நுட்பம் சரியானது என்பது மட்டும் உறுதி.

1867-இல் குவீன்ஸ்பரி விதிகள் வந்ததும் கதையின் அமைப்பே மாறுகிறது. பெயர் மார்குவஸ் ஆஃப் குவீன்ஸ்பரி என்ற பிரபுவுடையது, எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். மொத்தம் 12 விதிகள். கையுறை கட்டாயம், மல் கூடாது, சுற்றுக்கு 3 நிமிடம், இடையே 1 நிமிடம் ஓய்வு, விழுந்தவன் 10 விநாடிக்குள் தானே எழ வேண்டும். சண்டை பொட்டலை விட்டு மெல்ல மெல்லக் கட்டடத்துக்குள், டிக்கெட்டுக்குள் வருகிறது. டாயில் 1899-இல் எழுதிய 'தி கிராக்ஸ்லி மாஸ்டர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருத்துவக் கல்லூரிக் கட்டணத்துக்கு 60 பவுண்டு பணம் இல்லாமல் தவிக்கும் மாணவன் 100 பவுண்டு பந்தயத்துக்காகக் கிராக்ஸ்லி ஊர்ச் சாம்பியனோடு மோதுகிறான். 20 சுற்று, 2 அவுன்ஸ் கையுறை. கணக்கைப் பாருங்கள்: 60 நிமிடச் சண்டை, 19 நிமிட ஓய்வு. கையுறை ஏறக்குறைய 57 கிராம். இன்றைய தொழில்முறைக் கையுறை 8 அல்லது 10 அவுன்ஸ். டாயில் காலத்துக் கையுறை தோலைக் காப்பாற்றுமே தவிரக் குத்தைப் பெரிதாக மெத்தையாக்காது. இந்த எண்களைக் கொடுத்துவிட்டு எழுதுவதால்தான் அவர் சண்டையில் களைப்பு உண்மையாக இருக்கிறது.

காதலைக் கையுறைக் காலத்துக்குள் முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர், நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள், நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. 1882-இல் எழுதிய 'கேஷல் பைரன்ஸ் புரொஃபஷன்'. அதே ஆண்டில்தான் இங்கிலாந்து நீதிமன்றம் பந்தயச் சண்டை குற்றமே என்று ஒரு வழக்கில் அழுத்திச் சொன்னது. ஷாவும் சும்மா இல்லை; 1883-இல் அமெச்சூர் குத்துச்சண்டைப் போட்டியில் தானே மோதப் பெயர் கொடுத்தவர். படித்த பணக்காரப் பெண் லிடியா கேரு காட்டுக்குள் வெள்ளுடையில் நிற்கும் கேஷலைக் கண்டு கிரேக்கச் சிலையோ என்று மயங்குகிறாள். அவன் தன் தொழிலை மறைக்கிறான். கதையின் முடிச்சே 'தொழில்' என்ற அந்தச் சொல்தான். வேடிக்கை என்னவென்றால், யாராலும் வீழ்த்த முடியாத சாம்பியனை லிடியா வீட்டு வேலையாள் பாஷ்வில் ஒரு மல்யுத்தப் பிடியில் கீழே தள்ளிவிடுகிறான். புதிய விதியில் பழகியவனுக்குப் பழைய விதி மறந்துபோயிருக்கும் என்பதை ஷா கவனித்திருக்கிறார். அந்த வேலையாளுக்கும் லிடியா மேல் காதல் என்பது கூடுதல் காரம். தன் குலத்தின் புத்திக்கு நல்ல உடல் வலு சேரட்டும் என்று கணக்குப் பார்த்துக் கல்யாணம் செய்கிறாள் லிடியா. கடைசியில் ஆண் பிள்ளைகள் எல்லாம் அம்மாவைப் போலவும் பெண் பிள்ளைகள் எல்லாம் அப்பாவைப் போலவும் பிறந்துவிடுகிறார்கள். 'வலியவன் காலடியில் காதலி' என்ற சாகசக் கதைச் சூத்திரத்தை அது உச்சத்துக்கு வரும் முன்னமே கிண்டல் செய்து முடித்துவிட்டார் மனுஷன்.

நீங்கள் கேட்ட 'ஏன் ஒட்டிக்கொண்டே வருகின்றன' என்பதற்கு நேரான பதில் ஜாக் லண்டன் 1905-இல் எழுதிய 'தி கேம்' என்ற சிறு நாவலில் இருக்கிறது. ஜோ ஃபிளெமிங் கப்பல் பாய் தைக்கிறவன். ஜெனிவீவ் மிட்டாய்க் கடையில் வேலை செய்கிறவள். மறுநாள் கல்யாணம், இன்று கடைசிச் சண்டை. இதைவிட்டுவிடு என்கிறாள் அவள். நீ ஒருதடவை பார், பார்த்தால் புரியும் என்கிறான் அவன். ஆண் உடை போட்டு, உடை மாற்றும் அறையிலிருந்து ஒரு துவாரம் வழியாகப் பார்க்கிறாள். பெண் எங்கே நிற்கலாம் என்ற பழைய சிக்கலுக்கு லண்டன் கண்டுபிடித்த வழி அது. அதோடு அந்தத் துவாரம் நமக்குமானது. காதலிக்குத் தெரியாத ஒன்றாக விளையாட்டு இருப்பதால் அவளுக்கு விளக்குகிற சாக்கில் வாசகனுக்கு விளக்கலாம். எழுத்தாளனின் வசதி இது. பெண் பாத்திரம் இருந்தால் விதியைச் சொல்லலாம், பந்தயத்துக்கு விலை வைக்கலாம், உடம்பைப் பற்றி வெட்கப்படாமல் எழுதலாம். ஆண்கள் மட்டும் உள்ள கதையில் ஓர் ஆணின் உடலழகைப் பக்கம் பக்கமாக வருணிக்க அன்றைய பத்திரிகை இடம் கொடுத்திருக்காது. காதலியின் கண் வழியே என்றால் தாராளமாக எழுதலாம். ஜோவின் தோளையும் முதுகையும் லண்டன் எப்படி எழுதுகிறார் என்று பாருங்கள்.

ஜெயிக்கிற தறுவாயில் ஜோவின் கால் ஈரமான கித்தானில் வழுக்குகிறது. எதிராளி பான்டா கண்மூடி வீசிய குத்து தாடையில் படுகிறது. தலையின் பின்பக்கம் தரையில் மோத, அவன் செத்துப்போகிறான். இப்படியெல்லாம் சாக முடியாது என்று நியூயார்க் டைம்ஸ் இதழில் ஒரு விமர்சகர் எழுத, தான் கண்ணால் பார்த்தது என்று லண்டன் பதில் எழுதினார். அன்றைய லைட்வெயிட் (குறைந்த எடைப் பிரிவு) வீரர் ஜிம்மி பிரிட்டும் நாவலைப் பாராட்டினார். மருத்துவப்படி லண்டன் பக்கம்தான் நியாயம். தாடையில் படும் குத்து தலையைச் சட்டென்று சுழற்றுகிறது. மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே பாலமாக ஓடும் மெல்லிய சிரைகள் அறுந்து உறைக்கடியில் ரத்தம் கட்டுகிறது. களத்தில் நேரும் மரணங்களில் பெரும்பான்மைக்குக் காரணம் இதுவே. அதற்கு மேல், நினைவிழந்தவன் கையூன்றாமல் மல்லாந்து விழும்போது பின்மண்டை கெட்டித் தரையில் மோதினால் இரண்டாவது அடி முதல் அடியைவிட மோசமாக இருக்கலாம். பலகை மேல் கித்தான் மட்டும் விரித்த மேடை அது. இன்று கித்தானுக்கடியில் மெத்தை போடுவது கட்டாயம். அதன் காரணங்களில் இது முக்கியமானது.

அடுத்து அதே லண்டன் 1911-இல் எழுதிய 'தி அபிஸ்மல் புரூட்'. இதன் கதைக் கருவை அவர் இளம் எழுத்தாளர் சின்க்ளேர் லூயிஸிடம் காசு கொடுத்து வாங்கினார் என்பது பதிவான செய்தி. மலையில் வளர்ந்த அப்பாவி வீரன், அவனை நேர்காணல் செய்ய வரும் கோடீஸ்வரர் வீட்டுப் பெண் நிருபர். எந்தச் சுற்றில் சண்டை முடியும் என்று சூதாடிகளுக்கு முன்கூட்டியே தெரிகிறது என்ற உண்மையை அவள்தான் அவனுக்கே சொல்கிறாள். காதல் இங்கே ஊழலைத் திறக்கிற சாவி. யோசனை நன்று, எழுத்து சுமார். நாயகன் அளவுக்கு மீறி வலியவன், ஆகவே எந்தச் சண்டையிலும் பதற்றமில்லை. எட்கர் ரைஸ் பர்ரோஸின் 1914-ஆம் ஆண்டு 'தி மக்கர்' இதற்கு நேர் எதிர். சிகாகோ தெரு ரவுடி பில்லி பைர்ன், கடத்தப்பட்ட செல்வந்தர் மகள் பார்பரா, தீவு, சாமுராய் வழி வந்த தலைவெட்டிகள் என்று தலைதெறிக்க ஓடும் கதை. பிற்பகுதியில் நியூயார்க்கில் குத்துச்சண்டை வீரனாகிறான். அவள் தரத்துக்குத் தான் ஆளில்லை என்று அவனே விலகிக்கொள்கிறான்; 1916-இல் வந்த தொடர்ச்சியில்தான் சேர்கிறார்கள். வாரப் பத்திரிகைக்காரர்களுக்கு முடியாத காதல்தான் லாபம்.

இந்தக் காலக் கதைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கண்மூடித் தாண்ட வேண்டாம். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் ஜாக் ஜான்சன் உலக ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியனான முதல் கறுப்பினத்தவரானார். 1915-இல் ஹவானாவில் தோற்கும்வரை அவரை வீழ்த்தக்கூடிய வெள்ளை வீரன், அதாவது 'வெள்ளையர் நம்பிக்கை' ஒன்றைத் தேடும் வெறி அமெரிக்கப் பத்திரிகைகளைப் பிடித்தாட்டியது. அதைத் தூண்டியவர்களில் சண்டையை நேரில் பார்த்து எழுதிய ஜாக் லண்டனும் ஒருவர். பில்லி பைர்னும் அந்த வெறியின் பிள்ளையே. வெள்ளை நாயகன், அவனுக்காகக் காத்திருக்கும் வெள்ளைப் பெண் என்ற அமைப்பின் கவர்ச்சியில் ஒரு பகுதி அந்த அச்சத்திலிருந்து வந்தது. முழுவதும் அங்கிருந்தே வந்தது என்று சொன்னால் மிகை. ஜான்சனுக்கு முன்பே ஷாவும் பாரோவும் எழுதிவிட்டார்களே.

ஷெர்லாக் ஹோம்ஸைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். 1904-இல் வந்த சைக்கிள் பெண் கதையில், கிராமத்து மதுக்கடையில் உட்லி என்ற போக்கிரி புறங்கையால் அடிக்க, ஹோம்ஸ் நேர் இடக்கையால் அவனை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பும்படி செய்துவிடுகிறார். நேர்க்குத்து நேர்கோட்டில் போகிறது, வீச்சுக்குத்து வளைவில் வருகிறது. பயிற்சி உள்ளவன் முந்துவது இயல்பு. ஆனால் 'நேர் இடக்கை' ஆங்கிலேயருக்கு வெறும் உத்தியாக இருக்கவில்லை, பண்பின் அடையாளமாகவே ஆயிற்று. அந்த உட்லி பின்னால் ஒரு பெண்ணைக் கட்டாயக் கல்யாணம் செய்ய முயல்பவன். அவளுக்கு வேறொரு காதலன் உண்டு. ஹோம்ஸின் குத்து அடுத்தவர் காதலுக்குப் போட்ட மொய்.

நம்பகத்தன்மைக்கு நீங்களே சோதித்துப் பார்க்கச் சில இடங்கள். நாக் அவுட் ஆனவன் பெரும்பாலும் சில விநாடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் கண் திறப்பான். அரை மணி நேரம் மயங்கிக் கிடந்து, காதலியின் மடியில் விழித்து, தெளிவாக வசனம் பேசினால் அது பொய். அவ்வளவு நேரம் கிடந்தவனுக்குத் தேவை அறுவை சிகிச்சை. நினைவு திரும்பியவனுக்கும் கடைசிச் சுற்று ஞாபகம் இருக்காது, சொன்னதையே திருப்பிச் சொல்வான், வாந்தி எடுப்பான். வெறுங்கையால் பத்துத் தாடைகளை உடைத்த நாயகன் மறுநாள் கடிதம் எழுதினால் அதுவும் பொய். பேனா பிடிக்கக் கை வீங்கியிருக்கும். புருவம் கிழிந்தால் வலியைவிட, கண்ணுக்குள் ரத்தம் இறங்கிப் பார்வை மறைவதே ஆபத்து. தேர்ந்த எழுத்தாளர் அதைத்தான் எழுதுவார். கையுறை கையையும் தோலையும் காத்தது உறுதி. அதனாலேயே தலையில் அதிகம் குத்தி மூளைக்குக் கேடு கூடியது என்ற வாதம் வலுவானது, ஆனாலும் வாதம்தான். வெறுங்கைக் காலத்தில் யாரும் மூளையைச் சோதித்துப் பதிவு வைக்காததால் இரண்டையும் எண்ணிக்கையாக ஒப்பிட வழியில்லை.

நிஜ வாழ்க்கையில் இப்படி நடந்ததா என்றால், ஒருமுறை நடந்தது. 1926-இல் அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்ஸியை வீழ்த்தி சாம்பியனான ஜீன் டனி, கார்னெகியின் எஃகுச் செல்வத்தோடு தொடர்புள்ள குடும்பத்துப் பெண் பாலி லாடரைக் காதலித்தார். 1928-இல் சாம்பியனாகவே ஓய்வு பெற்று, அதே அக்டோபரில் ரோமில் அவரை மணந்தார். பின்னாளில் ஷாவுக்கு நெருங்கிய நண்பரும் ஆனார். 'தி கேம்' படித்ததால்தான் டனி ஓய்வு பெற்றார் என்று ஒரு கதை உலவுகிறது. அதை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள். காதலிக்குக் கொடுத்த வாக்கும் கையில் சேர்ந்திருந்த பணமுமே போதுமான காரணங்கள்.

எதில் தொடங்குவது என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். சிரிக்க வேண்டுமென்றால் ராபர்ட் ஈ. ஹோவர்ட் 1929 முதல் எழுதிய மாலுமி ஸ்டீவ் காஸ்டிகன் கதைகள். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு பெண்ணுக்காக உதை வாங்கி, அவள் இன்னொருவனோடு போய்விட, தன் புல்டாக் நாயோடு கப்பலுக்குத் திரும்புகிறவன். ஒரே ஒரு கதைதான் படிக்க நேரம் என்றால் லண்டனின் 1909-ஆம் ஆண்டுச் சிறுகதை 'எ பீஸ் ஆஃப் ஸ்டேக்'. சிட்னியில் நாற்பதை நெருங்கும் டாம் கிங், 30 பவுண்டுக்காக இளைஞன் சாண்டலோடு மோத வேண்டும். கசாப்புக்காரர் கடன் கொடுக்கவில்லை. மாவுக் குழம்பில் ரொட்டியைத் துடைத்துத் தின்றுவிட்டு, வண்டிக்குக் காசில்லாமல் இரண்டு மைல் நடந்தே போகிறான். பிள்ளைகளைப் பட்டினியாகவே தூங்கவைத்துவிட்டாள் மனைவி, அவளும் சாப்பிடவில்லை. சண்டையில் அவன் அனுபவம் ஒவ்வோர் அசைவையும் மிச்சம் பிடிக்கிறது. கடைசிக் குத்துக்கு மட்டும் வலு இல்லை. கட்டழகியும் இல்லை, ரகசியப் பார்வையும் இல்லை. கிளம்பும்போது முத்தம் கொடுக்கும் வழக்கமே இல்லாதவன் அவன். அன்றைக்கு மட்டும் அவளாகத் துணிந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமிடுகிறாள்.